ஹேண்டில் கழன்ற பிறகு

உத்திரமேரூர்ப் பக்கத்து எங்கள் கழனிக் கிணற்றுக்குக் கரன்ட் வருவதற்கு முன் ஆயில் இன்ஜின்தான். அதைக் கிளப்ப எல்லோராலும் ஆகாது. வால்வைத் தூக்கிப் பிடிக்கும் சின்ன நெம்புகோலை இடக்கையால் தள்ளிவைத்துக்கொண்டு, வலக்கையால் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். முதல் சுற்றுகள் கனக்கும். சக்கரம் வேகம் பிடித்ததும் நெம்புகோலை விட்டால் ஒரு 'டப்'. அப்புறம் இன்ஜின் தன்னாலே ஓடும், ஹேண்டில் கழன்றுகொள்ளும். கழலாவிட்டால் மணிக்கட்டு போச்சு. ஓடுகிற இன்ஜினுக்கு யாரும் வேண்டாம். ஓடத் தொடங்கத்தான் வேறொரு கை வேண்டும்.

கணினியிலும் இதே சிக்கல் உண்டு என்று எனக்கு விளங்கியது, அக்கா மகன் ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, ஆன் ஆவல" என்று நின்றபோது.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பின்னால் வந்த சில ஆண்டுகளின் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக உருவாக்கியது. ஸ்விட்சைத் தட்டினால் ஒரு மெனு வரும். எது வேண்டும் என்று கேட்டுவிட்டு நொடிகளை எண்ணும். கணினி என்றாலே விண்டோஸ் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, விண்டோஸ் மாற்றக்கூடிய ஒரு சாமான் என்று காட்டியது அந்த மெனுதான். பாடப் புத்தகம் அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்காது.

எங்கள் பையன் சினிமாப் படங்களுக்கு இடம் போதவில்லை என்று, விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் இருந்த பாகத்தை அழித்துவிட்டான். மறுநாள் கறுப்புத் திரை. 'அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே 'க்ரப் ரெஸ்க்யூ' என்று இன்னொன்று. கடைக்காரர் ஒருவர், "ஃபார்மட் அடிச்சாதான் ஆவும்" என்று சொல்லிவிட்டாராம். அடித்தால் படமெல்லாம் போய்விடும் என்று என்னிடம் வந்திருந்தான்.

இயங்குதளம் என்பது வட்டில் தூங்கும் ஒரு நிரல். வட்டிலிருந்து அதை எடுக்க ஒரு நிரல் ஓட வேண்டும். அந்த முதல் நிரல் எங்கிருந்து வரும்? 1975-இல் வந்த ஆல்டேர் 8800-இல் ஆள் நின்று, முகப்புச் சுவிட்சுகளைத் தட்டித் தட்டி பைட் பைட்டாகப் போட வேண்டியிருந்தது. அசல் ஹேண்டில் அதுதான். பிறகு அந்த வேலையைத் தாய்ப்பலகையில் உள்ள சில்லு எடுத்துக்கொண்டது. பழைய முறையில் அதற்குள் இருப்பது பயாஸ். கரன்ட் வந்ததும் செயலி நேரே அங்கேதான் போகும். பயாஸ் நினைவகம், விசைப்பலகை எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு, வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்து நினைவகத்தில் வைக்கும். கடைசி 2 பைட்டில் உரிய அடையாளம் இருந்தால் பொறுப்பை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும்.

அந்த 512-இல் 64 பைட் வட்டின் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்குப் போய்விடும். நாலு பங்குக்கு மேல் எழுத இடமில்லை. இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட் லோடரின் முதல் துண்டுக்கு மிஞ்சுவது 446 பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 'உத்திரமேரூர்' என்று எழுதவே 36 பைட் ஆகிறது. ஊர்ப் பெயரைப் பன்னிரண்டு தடவை எழுதினால் தீர்ந்துபோகும் இடம்! இதற்குள் என்ன பெரிய காரியம் செய்ய முடியும்? அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கலாம். லினக்ஸோடு வந்த க்ரப் என்ற லோடரின் முதல் துண்டு செய்வது அவ்வளவுதான். இரண்டாவது துண்டு, பாகங்கள் தொடங்குமுன் வரப்புபோல் சும்மா கிடக்கும் இடத்தில் இருக்கும். மெனுவும் மற்ற சாமான்களும் லினக்ஸின் பாகத்துக்குள் இருக்கும். எல்லாம் கூடிவந்தால் லினக்ஸின் மையமான கெர்னலை நினைவகத்தில் ஏற்றி ஓட்டிவிடும். கெர்னல் ஓடியதும் க்ரப்புக்கு வேலை முடிந்தது, ஹேண்டில் கழன்றாச்சு. விண்டோஸ் கேட்டால், விண்டோஸின் சொந்த லோடரைக் கைகாட்டிவிடும்.

பையன் அழித்தது அந்தச் சாமான் அறையை. வரப்பிலிருந்த துண்டு பிழைத்துக்கொண்டு, காணாமல் போன பாகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் ஒரு பைட்டும் குறையாமல் அப்படியே இருந்தது, வழிகாட்டத்தான் ஆளில்லை. விண்டோஸ் டிஸ்க்கைப் போட்டு முதல் 446 பைட்டை மாற்றி எழுத ஒரே ஒரு கட்டளை. படங்கள் தப்பின. லினக்ஸ் போனது போனதுதான்; அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்று அவன் அதே தப்பைச் செய்தால் இவ்வளவு பாடு இல்லை. பயாஸின் இடத்தில் யூஇஎஃப்ஐ வந்துவிட்டது. அதற்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும், 446 பைட் நெருக்கடி கிடையாது. விண்டோஸின் லோடரும் லினக்ஸின் லோடரும் தனியாக ஒதுக்கிய ஒரு சிறு பாகத்தில் பக்கத்துப் பக்கத்தில் கோப்புகளாக இருக்கும். ஒன்று கெட்டால் ஒரு விசையை அழுத்தி மற்றதைத் தேர்ந்தெடுக்கலாம். வட்டும் சுழலும் வட்டாக இல்லாததால் சில நொடிகளில் எழுந்துவிடுகிறது.

ஆனால் வாசலில் காவல் வந்திருக்கிறது. செக்யூர் பூட் என்று பெயர். நம்பத்தக்க கையொப்பம் இல்லாத லோடரை உள்ளே விடாது. எங்கள் ஊர்க்காரனுக்கு இது புதிதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் வாரியத்துக்கு ஆளெடுக்கும் குடவோலையில் பெயர் எழுதக் கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் நடுவே இருக்க வேண்டும் என்கிறது 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் சேர்க்கக் கூடாது என்று விலக்குப் பட்டியலும் தருகிறது. செக்யூர் பூட்டிலும் இப்படி இரண்டு பட்டியல். கையொப்பத்தை நம்பலாம் என்பவை ஒன்றில், விலக்கப்பட்டவை மற்றதில். 2024 ஆகஸ்டில் விண்டோஸுக்கு வந்த ஒரு புதுப்பிப்பு, பாதுகாப்பு ஓட்டை இருந்த பழைய க்ரப்களை வரிசையாக விலக்கியதில், இரட்டை இயங்குதளம் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் ஏறாமல் நின்றது. கிட்டத்தட்ட உறவினரையும் விலக்கிய கதைதான். ஒரு வித்தியாசம் உண்டு. அரசன் ஆணைப்படிதான் என்றாலும், குடவோலை விதியை ஊர்ச் சபையே தனக்கு எழுதிக்கொண்டது. இங்கே பெரும்பாலான கணினிகளில் சாவி மைக்ரோசாஃப்ட்டுடையது. பல லினக்ஸ்கள் தங்கள் முதல் சிறு லோடருக்கு அவர்களிடம் கையொப்பம் வாங்கித்தான் நுழைகின்றன. கணினியில் இந்தக் காவலை நாமே நிறுத்திவைக்கவாவது வழி இருக்கிறது. கைபேசிகள் பலவற்றில் பூட் லோடர் பூட்டியே வருகிறது.

கிணற்றடியில் இப்போது கரன்ட் மோட்டார். கைபேசியிலிருந்தே போடலாம். ஆயில் இன்ஜின் புளியமரத்தடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது, அதன் ஹேண்டில் மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

பையனின் தங்கை இப்போது கல்லூரியில் படிக்கிறாள், புது மடிக்கணினி வைத்திருக்கிறாள். ஸ்விட்சைப் போட்டதும் என்ன ஆகிறது என்று கேட்டேன்.

"லோகோ வரும் மாமா."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி இன்னா, கரன்ட்டுதான்."