லண்டனுக்குப் போன புத்தகப் பட்டியல்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆங்கிலேயருக்கு உட்பட்டிருந்த அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் ஒருவருக்கு நல்ல புத்தகம் ஒன்றைப் படிக்க வேண்டுமென்ற ஆசை எழுந்தால், அது நிறைவேறுவதற்கு அட்லாண்டிக் சமுத்திரத்தை இருமுறை கடந்தாக வேண்டும். கடிதம் போவது ஒருமுறை, பெட்டி வருவது ஒருமுறை. பாஸ்டன் நகருக்குத் தெற்கே நல்ல புத்தகக் கடை ஒன்றுகூட இல்லை என்றும், படிப்பில் பிரியமுள்ளவர்கள் இங்கிலாந்துக்கு எழுதியே தருவித்துக்கொண்டார்கள் என்றும் பிலடெல்பியா அச்சாளர் பெஞ்சமின் பிராங்க்ளின் தமது சுயசரிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தக் குறையைத் தீர்க்க, பிலடெல்பியாவில் அவரும் நண்பர்களும் 1731-ஆம் வருஷம் ஒரு நூல் நிலையத்தை ஸ்தாபித்தார்கள். தொடக்கத்தில் 50 அங்கத்தினர். சேரும்போது ஆளுக்கு 40 ஷில்லிங், பிறகு வருஷந்தோறும் 10 ஷில்லிங். எந்தெந்த நூல்களை வாங்குவது என்பதில், அம்மாகாணத்திலேயே மிகச் சிறந்த சொந்தப் புத்தகசாலை வைத்திருந்த பண்டிதர் ஜேம்ஸ் லோகனுடைய ஆலோசனையை நாடினார்கள். 1732 மார்ச் 31-ஆம் தேதி பட்டியல் தயாராயிற்று. லண்டனுக்குப் பிரயாணப்பட்ட தாமஸ் ஹாப்கின்சன் கையில் அதையும், 45 பவுனுக்கு ஓர் உண்டியலையும் கொடுத்தனுப்பினார்கள். பெட்டி அக்டோபரில் வந்து சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் அதைத் திறந்தபோது அடைந்த ஆனந்தத்தை, புத்தகத்துக்காக ஏங்கியவர்கள் எவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்பிய முறையைச் சற்று விளக்க வேண்டும். குடியேற்ற நாடுகளில் ஸ்டெர்லிங் நாணயம் அரிது. பென்சில்வேனியா மாகாணத்தின் காகிதப் பணத்துக்கோ லண்டனில் மதிப்புக் கிடையாது. ஆகவே, லண்டனில் யாரிடமேனும் வரவு வைத்திருக்கும் உள்ளூர் வியாபாரி ஒருவரைக் கண்டுபிடித்து, உள்ளூர்ப் பணத்தை அவரிடம் கட்டி, இன்னாருக்கு இவ்வளவு பவுன் கொடுக்கவும் என்று அவர் எழுதித்தரும் உண்டியலை வாங்கிக் கடல் கடந்து அனுப்புவார்கள். 1740-களின் தொடக்கத்தில் லண்டனில் 100 பவுன் கொடுக்க வேண்டுமானால் பிலடெல்பியாவில் ஏறக்குறைய 160 பவுன் கட்ட வேண்டியிருந்தது. கப்பல் மூழ்கலாம், யுத்த காலமானால் எதிரியின் கையில் சிக்கலாம்; அதனால் ஒரே உண்டியலை இரண்டு மூன்று பிரதிகளாக எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவதும், முதலில் சேர்ந்த பிரதிக்குப் பணம் கிடைத்துவிட்டால் மற்றவை செல்லாதவையாகி விடுவதும் வழக்கம். கடிதங்களுக்கும் அவ்வாறே நகல்கள் போயின. குளிர்காலத்தில் டெலவேர் நதி உறைந்துவிட்டால் துறைமுகமே மூடிக் கிடக்கும்.

இத்தனை ஏற்பாடுகளும் இருந்தாலும், அக்கரையில் நம்பிக்கையான ஒரு மனிதர் இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்பதே இந்த வியாபாரத்தின் உயிர்நாடி என்று எனக்குத் தோன்றுகிறது. சரக்கைக் கண்ணால் பாராமல் வாங்குகிறவனுக்கு லண்டன் கடைக்காரர்கள் எதையும் தள்ளிவிடலாம். வர்ஜீனியாவில் புகையிலை பயிரிட்டுக்கொண்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டன், ஏற்றுமதிக்கு என்று தெரிந்தால் விலையைக் கூட்டுகிறார்கள் என்றும், வழக்கொழிந்த பழைய சாமான்களைத் தலையில் கட்டுகிறார்கள் என்றும் 1760-இல் தமது லண்டன் வியாபாரிகளுக்கு மனம் நொந்து எழுதினார். திருப்பியனுப்பி மாற்றுவதென்றால் ஒரு வருஷம் போய்விடும்.

பிலடெல்பியா நூல் நிலையம் இந்த விஷயத்தில் பெரும் பாக்கியம் செய்தது. அதற்கு வாய்த்த காரியஸ்தர் பீட்டர் காலின்சன், துணி வியாபாரம் செய்தவர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்; தாவரங்களிலும் விஞ்ஞானத்திலும் தீராத பற்றுடையவர். முதல் பெட்டியிலேயே தம் அன்பளிப்பாக நியூட்டனின் தத்துவத்தை விளக்கும் நூல் ஒன்றையும், பிலிப் மில்லரின் தோட்டக்கலை அகராதியையும் சேர்த்தனுப்பினார். பின்னர் முப்பது வருஷத்துக்கு மேல், ஒரு காசு தரகு பெறாமல், நூல்களைத் தேடி வாங்கி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஜெர்மனியில் நடந்த மின்சாரச் சோதனைகளைப் பற்றிய விவரத்தையும் ஒரு கண்ணாடிக் குழாயையும் 1745 வாக்கில் அவர் அனுப்பியதன் பயனாகவே பிராங்க்ளினின் சோதனைகள் தொடங்கின. அவற்றைப் பற்றிக் காலின்சனுக்கு எழுதிய கடிதங்கள் 1751-இல் லண்டனில் நூலாக வந்தன.

பிராங்க்ளினின் சொந்தக் கடைக்கு வேறொருவர் துணை நின்றார். அந்தக் கடையில் காகிதம், தோல் காகிதம், இறகுப் பேனா, மைத்தூள், முத்திரை அரக்கு, கணக்குப் பேரேடுகள் ஆகிய காரியாலயச் சாமான்கள் யாவும் விற்றன. அருகிலேயே 1690 முதல் காகித ஆலை இருந்தும், உயர்ந்த எழுதுதாள் கடல் கடந்தே வந்தது. அச்செழுத்துக்களும் அப்படியே. இவற்றுக்கெல்லாம் அவர் 1743 முதல் கடிதம் எழுதிய லண்டன் அச்சாளர் வில்லியம் ஸ்டிராஹன், பின்னால் சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியை அச்சிட்டவர். ஸ்டிராஹன் அனுப்பிவைத்த டேவிட் ஹால் என்ற தொழிலாளி 1748-இல் பிராங்க்ளினுக்குப் பங்காளியானார். சரக்கும் கணக்கும் குடும்பச் செய்திகளும் ஒரே கடிதத்தில் கலந்து போய்வந்த இந்த சிநேகத்தில், பிராங்க்ளினும் ஸ்டிராஹனும் ஒருவரையொருவர் நேரில் பார்த்தது 1757-இல்தான்.

அதிகமாகத் தருவிக்கப்பட்ட நூல்களுள் பைபிளும் ஒன்று. ஆங்கில பைபிளை அச்சிடும் உரிமை அரசரின் அச்சாளருக்கும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளுக்கும் உரியதாகையால், ஜெர்மன் பைபிள் பிலடெல்பியாவுக்கு அருகே ஜெர்மன்டவுனில் 1743-இலேயே வெளிவந்திருந்தும், ஆங்கில பைபிள் கப்பலில் வருவதாகவே இருந்தது. இடையில் இந்த இறக்குமதிக்குத் தடங்கலும் நேர்ந்தது: 1767-இல் காகிதத்துக்கும் தேயிலைக்கும் பார்லிமெண்டு வரி விதித்தபோது, பிலடெல்பியா வியாபாரிகள் இங்கிலாந்துச் சரக்கைத் தருவிப்பதில்லை என்று 1769-இல் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்; அடுத்த வருஷம் தேயிலை நீங்கலாக மற்ற வரிகள் நீங்கின. ஆனால் சுதந்திர யுத்தம் மூண்டதும் இங்கிலாந்திலிருந்து தருவிக்கும் வழி முற்றிலும் அடைபட்டுப் போயிற்று. பைபிள் பஞ்சம் எவ்வளவு கடுமையாயிற்று என்றால், வேறு நாடுகளிலிருந்து 20,000 பிரதிகள் தருவிக்கலாமா என்று 1777-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபையே ஆலோசித்தது. அது கைகூடவில்லை. 1782-இல் ராபர்ட் எய்ட்கென் என்ற பிலடெல்பியா அச்சாளர், அச்சபையின் ஆமோதிப்புடன், ஆங்கில பைபிள் முழுவதையும் தம் அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார்.