வெள்ளி பொடியானால்…

கொலுசு, அரைஞாண், குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு என்று வெள்ளியோடு நமக்குள்ள உறவு தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த வெள்ளியால் நமக்கு யாதொரு தீங்கும் நேர்ந்ததில்லை. அதே வெள்ளியை இப்போது காலுறை நூலில் சேர்த்து, "வியர்வை நாற்றம் வராது" என்று விற்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குப் பொடியாக்கிய வெள்ளி அது. பொடியானால் என்ன, வெள்ளி வெள்ளிதானே என்று கேட்கத் தோன்றும். தோழியரே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிப்பே ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் இருக்கும். 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களையே நானோ பொருள்கள் என்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள வெள்ளிக் கனசதுரத்தின் ஆறு முகங்களையும் சேர்த்தால் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு தபால் தலை அளவு. அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை ஏக்கர்! நான் நம்பாமல் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். எடை ஒரு குன்றிமணிகூடக் கூடவில்லை. ஆனால் இரசாயன வினை நடப்பது மேற்பரப்பில் அல்லவா? ஆகவே கொலுசில் சும்மா கிடந்த வெள்ளி, பொடியானதும் அயனிகளை ஏராளமாக வெளிவிட்டுக் கிருமிகளைக் கொல்கிறது.

துவைத்தால் அந்த வெள்ளி எங்கே போகும்? அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் இத்தகைய காலுறைகளை நீரில் அலசிப் பார்த்தார்கள். சில காலுறைகள் நான்கே அலசல்களில் தம் வெள்ளியை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிட்டன. சாக்கடை நீரைச் சுத்தம் செய்பவையும் நுண்ணுயிர்களே. நல்லது, கெட்டது என்று வெள்ளி பிரித்துப் பார்ப்பதில்லை. சாக்கடையில் அதன் பெரும்பகுதி கந்தகத்தோடு கூடி வீரியம் குறைந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு உண்மையான கவலை வேறொன்று. தீக்காயத்தில் கிருமி சேராதிருக்க மருத்துவர்கள் பூசும் களிம்பிலும் வெள்ளி உண்டு. சிறிது சிறிதாக வெள்ளியில் பழகிய கிருமி அதை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளும். காலுறை நாற்றத்துக்காக அந்த மருந்தை வீணாக்குவதா?

மூச்சு வழியே உட்செல்லும் துகள்களில் இன்னும் கவனம் தேவை. நானோ குழாய் என்பது கரியால் ஆன மிக மெல்லிய இழை. 2008-இல் எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் வயிற்றறையில் இதைச் செலுத்தியபோது, நீண்ட இழைகள் கல்நாரைப் போலவே அழற்சியை உண்டாக்கின. குட்டையாகவோ சுருண்டோ இருந்தவை அப்படிச் செய்யவில்லை. ஆக, பொருள் ஒன்றேயாயினும் வடிவத்தை மாற்றினால் தீங்கு குறையக்கூடும். இன்று தொழிற்சாலைகள் தேடுகிற மாற்றுவழிகளில் இதுவும் ஒன்று. துகள் உதிராதபடி பிளாஸ்டிக்கினுள் இறுக்கிப் பதிப்பது மற்றொன்று.

மிட்டாய்க்கு வெண்மை தரும் டைட்டேனியம் டை ஆக்ஸைடிலும் ஒரு பகுதி நானோ துகளே. பிரான்சு 2020-இலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2022-இலும் அதை உணவில் தடை செய்தன. மரபணுவுக்குக் கேடு விளையாது என்று உறுதிகூற முடியாததே காரணம். அங்கே பலர் இப்போது அரிசி மாவுப்பசையைச் சேர்க்கிறார்கள். நம் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள்! வெயில் தடுப்புக் களிம்புகளிலும் இப்பொருள் உண்டு. நலமான தோலைத் தாண்டி அது உள்ளே செல்வதாகத் தெரியவில்லை. எனினும் தெளிப்பானாக அடித்தால் நுரையீரலுக்குப் போகும். களிம்பாகப் பூசலாம், குடை பிடித்தால் இன்னும் நல்லது.

காலுறைக்கு வருவோம். நாற்றத்துக்குக் காரணம் வியர்வையில் வளரும் பாக்டீரியா. அன்றாடம் சோப்புப் போட்டுத் துவைத்து, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் உலர்த்தினால் அது அடங்கிவிடும். பருத்திக் காலுறையாக இருந்தால் வியர்வையையும் உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில்தான் கொஞ்சம் பாடு. அப்போதைக்கு இன்னொரு சோடி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.