ப்ராசஸர் மாறினால் விடையும் மாறுமா? தன்னார்வக் கணிப்பை ஆர்முக்குக் கொண்டுபோவது பற்றிச் சில குறிப்புகள்

எக்ஸ்86 ப்ராசஸரில் ஓடுகிற ஒரு ப்ரோக்ராமை ஆர்ம் ப்ராசஸருக்குக் கொண்டுபோவது இப்போதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. சோர்ஸ் கோட் இருக்கு, கம்பைலர் இலவசம், ஒரு கமாண்ட் அடித்தால் முடிந்தது. வெப் சர்வர், டெக்ஸ்ட் எடிட்டர் மாதிரியான ப்ரோக்ராம்களுக்கு இது பெரும்பாலும் உண்மைதான். ஆனா தன்னார்வக் கணிப்பு என்ற துறையில் கம்பைல் ஆகி ஓட ஆரம்பித்த பிறகுதான் தலைவலியே தொடங்கும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

தன்னார்வக் கணிப்பு என்றால், உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தை ஏதோ ஒரு ஆராய்ச்சிக்குத் தானமாகக் கொடுப்பது. 1999 மே மாதம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆரம்பித்த செட்டி அட் ஹோம்தான் இதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்ததைத் துண்டு துண்டாக வெட்டி லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பி, வேற்றுலகச் சிக்னல் ஏதாவது இருக்கா என்று தேடினார்கள். 2020 மார்ச் கடைசியோடு புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஆனா அங்கே டேவிட் ஆண்டர்சன் 2002-ல் தொடங்கிய பாயிங்க் என்ற பொதுத் தளம் இன்றும் ஓடுகிறது (விமானக் கம்பெனி போயிங் வேற, இது வேற). ஐன்ஸ்டைன் அட் ஹோம், ரொசெட்டா அட் ஹோம், செர்ன் நடத்தும் எல்எச்சி அட் ஹோம் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

பாயிங்கில் ரெண்டு அடுக்கு உண்டு. ஒன்று, வேலையை வாங்கி, ஓட்டி, விடையைத் திருப்பி அனுப்பும் க்ளையன்ட். இது பொதுவானது. இதை ஒரு புது ப்ராசஸருக்குக் கொண்டுபோவது மேலே சொன்ன அந்தச் சுலபமான வகை. ரெண்டாவது, உண்மையான கணக்கைப் போடும் அறிவியல் ப்ரோக்ராம். இதை ஒவ்வொரு திட்டமும் தானே எழுதி, ஒவ்வொரு ப்ராசஸர், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்கணும். உங்க மெஷினுக்கு ஏற்றது இல்லாவிட்டால், க்ளையன்ட் நன்றாக ஓடினாலும் சர்வர் வேலையே தராது. சிக்கல் இந்த ரெண்டாவது அடுக்கில்தான்.

முதலில் ஒரு கேள்வி. முன்பின் தெரியாத ஒருத்தர் வீட்டுக் கம்ப்யூட்டர் சொல்லும் விடையை விஞ்ஞானி எப்படி நம்புவார்? சில மெஷினில் மெமரி கெட்டுப்போயிருக்கும். சிலர் ப்ராசஸரை அளவுக்கு மேல் விரட்டி ஓட்டுவார்கள். வேலைக்குக் கிடைக்கும் புள்ளிகளுக்காகவே போலி விடை அனுப்புகிறவர்களும் இருந்திருக்கிறார்கள். அதனால் ஒரே வேலையை ஒருவரையொருவர் அறியாத ரெண்டு பேருக்கு அனுப்பி, ரெண்டு விடையும் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்வது வழக்கம். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும். நம்பிக்கை முழுவதும் 'ஒத்துப்போவது' என்ற அந்த ஒரு சொல் மேல் நிற்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நம்ம கம்ப்யூட்டர் மூன்று இலக்கம் மட்டுமே வைத்துக்கொள்ளும் என்று வைப்போம். 1.01-ஐ 1.01-ஆல் பெருக்கி, 1.02-ஐக் கழிக்கணும். பெருக்கினால் 1.0201. மூன்று இலக்கத்துக்குச் சுருக்கினால் 1.02. அதிலிருந்து 1.02 போனால் பூஜ்யம். இன்னொரு கம்ப்யூட்டர் பெருக்கலையும் கழித்தலையும் ஒரே மூச்சில் செய்து, கடைசியில் ஒரே ஒரு தடவை மட்டும் சுருக்குகிறது. அதற்கு 1.0201 கழித்தல் 1.02, அதாவது 0.0001. ஒன்று பூஜ்யம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. ரெண்டுமே விதிப்படி சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கின்றன.

ஒரே மூச்சில் செய்யும் இந்தக் கட்டளைக்கு எஃப்எம்ஏ என்று பெயர். 64-பிட் ஆர்மில் இது அடிப்படையிலேயே உண்டு, எல்லா சிப்பிலும் இருக்கும். 64-பிட் எக்ஸ்86-ன் அடிப்படைக் கட்டளைகளில் இது கிடையாது. இன்டெல் 2013-ல் ஹாஸ்வெல் சிப்பில்தான் சேர்த்தது. ஜிசிசி கம்பைலர் என்ன செய்கிறது என்றால், நாம் எதுவும் சொல்லாமலே, சிப்பில் எஃப்எம்ஏ இருந்தால் வாய்ப்பு கிடைக்கும் இடத்தில் பயன்படுத்திக்கொள்ளும். ஆக அதே சோர்ஸ், அதே கம்பைலர், அதே ஆப்ஷன்கள். எக்ஸ்86-ல் ஒரு விடை, ஆர்மில் இன்னொரு விடை. ஆர்ம் விடை பெரும்பாலும் உண்மைக்குக் கொஞ்சம் கூடுதல் பக்கமாகவே இருக்கும். ஆனா இரண்டு எக்ஸ்86 மெஷின்கள் ஒரு பக்கம் நின்றால் அந்த ஆர்ம் மெஷின்தான் 'தப்பு' என்று ஒதுக்கப்படும். இதற்கு மருந்து சுலபம், எஃப்எம்ஏ-வைத் தானாகச் சேர்க்காதே என்று கம்பைலருக்கு ஒரு ஆப்ஷன் கொடுத்தால் போதும். ஆனா அப்படி ஒரு ஆப்ஷன் தேவை என்று தெரிந்திருக்கணுமே.

அடுத்த இடம் கணித லைப்ரரி. மிதவைப்புள்ளி எண்களுக்கான ஐஇஇஇ 754 தரநிலை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றின் விடையைக் கடைசி பிட் வரை கட்டாயமாக்குகிறது. சைன், காஸ், லாக் போன்றவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, பரிந்துரை மட்டும்தான். லினக்ஸ் லைப்ரரி ஒரு கடைசி பிட் சொல்லும், விண்டோஸ் இன்னொன்று சொல்லும், மேக் வேறொன்று சொல்லலாம்.

கடைசி பிட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். செர்னின் சிக்ஸ்ட்ராக் ப்ரோக்ராம் இதற்கு நல்ல பதில். எல்எச்சி என்ற 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்கள் நொடிக்கு 11,000 தடவைக்கு மேல் சுற்றுகின்றன. வழியில் உள்ள காந்தங்கள் எதுவும் நூறு சதவீதம் துல்லியமானவை அல்ல. அந்தச் சின்னப் பிசகுகளால் எந்தப் புரோட்டான் பாதையில் நிலைக்கும், எது சுவரில் போய் மோதும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் சிக்ஸ்ட்ராக்கின் வேலை. வளையம் ஓடத் தொடங்குவதற்கு நாலு வருஷம் முன்பே, 2004-ல், இதை வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரு புரோட்டானை 10 லட்சம் சுற்று ஓட்டிப் பார்ப்பது நிஜத்தில் ஒன்றரை நிமிஷ ஓட்டம்; கணக்கில் அது முடிவில்லாத பெருக்கல், கூட்டல். பாதுகாப்பான எல்லைக்கு அருகே புரோட்டானின் பாதை தாறுமாறானது. முதல் சுற்றில் கடைசி பிட்டில் வந்த வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று பெருகி, ஒரு மெஷினில் புரோட்டான் தப்பித்தது, இன்னொன்றில் தொலைந்தது என்று வந்து நிற்கும்.

'கிட்டத்தட்டச் சமம்' என்று ஒப்பிட இங்கே வழியே இல்லை. எனவே செர்ன் குழு கஷ்டமான வழியை எடுத்தது: எந்த மெஷினில் ஓடினாலும் விடை பிட்டுக்கு பிட் ஒன்றாகவே இருக்கணும். லாக், எக்ஸ்பொனென்ஷியல் போன்றவற்றைக் கடைசி பிட் வரை சரியாகச் சுருக்கித் தரும் ஒரு லைப்ரரியை பிரான்ஸின் லியோன் நகர ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருந்தார்கள். சிஆர்லிப்எம் என்று பெயர். சிஸ்டத்தின் லைப்ரரியை விட்டு அதைப் பயன்படுத்தினார்கள். கூட்டல் வரிசையை கம்பைலர் மாற்றாதபடி கட்டிப்போட்டார்கள். வரிசை மாறினால் என்ன ஆகும் என்றால், நம்ம மூன்று இலக்க மெஷினில் 100-உடன் 0.4-ஐயும் பிறகு இன்னொரு 0.4-ஐயும் கூட்டினால் 100-தான், ரெண்டு 0.4-ஐ முதலில் கூட்டிவிட்டு 100-ஐச் சேர்த்தால் 101. இன்புட் ஃபைலில் இருக்கும் தசம எண்ணை பைனரியாக மாற்றும் இடத்தில்கூட ஒவ்வொரு ஃபோர்ட்ரான் கம்பைலரும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது. அதையும் கையில் எடுக்க வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் விலையாகக் கொஞ்சம் வேகம் போகும். ஆனா கிடைத்த லாபத்தைப் பாருங்க: பிறகு ஆர்ம் மாதிரி ஒரு புது ப்ராசஸர் வரும்போது, அதே இன்புட்டைக் கொடுத்து விடையை ஒப்பிட்டால் போதும். ஒரு பிட் மாறினாலும் எங்கேயோ பிழை இருக்கு என்று அர்த்தம். 'இது வெறும் சுருக்கல் வித்தியாசமா, நிஜப் பிழையா' என்ற விவாதத்துக்கே இடமில்லை. என்னைக் கேட்டால், போர்ட்டிங் வேலையில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

எல்லாத் திட்டமும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. புரதங்கள் எப்படி மடிகின்றன என்று பார்க்கும் ஃபோல்டிங் அட் ஹோமில் (இது பாயிங்க் குடும்பம் அல்ல) ஒவ்வொரு ஓட்டமும் ஒரு சாம்பிள் மாதிரி. ஆயிரக்கணக்கான ஓட்டங்களின் புள்ளிவிவரம்தான் அவர்களுக்கு முக்கியம், ஒரு தனி ஓட்டம் பிட்டுக்கு பிட் ஒத்துப்போவது அல்ல. பருவநிலையைக் கணிக்கும் க்ளைமேட்ப்ரெடிக்ஷன் திட்டம் இதை நேராகவே சோதித்தது. பிரிட்டனின் வானிலை அலுவலக மாடலை வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஓட்டிய 57,000 முடிவுகளை எடுத்து ஆராய்ந்த கட்டுரை 2007-ல் வந்தது. மாடலின் அளவுருக்களை மாற்றுவதால் வரும் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் ஹார்ட்வேர், சாஃப்ட்வேர் மாறுவதால் வருவது சின்னது என்பது அதன் முடிவு. இங்கே ஒரு நாள் மழை மாறலாம், பருவநிலை மாறாது. எனவே புது ப்ராசஸருக்குப் போகும் முன் ஒவ்வொரு திட்டமும் தன் அறிவியலில் 'ஒரே விடை' என்றால் என்ன என்று முடிவு செய்யணும். கம்பைலர் இதைச் சொல்லித்தராது.

ரெண்டும் கெட்டான் நிலையில் இருப்பவர்களுக்கு பாயிங்க் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. ஒரே வேலையின் பிரதிகளை ஒரே வகை மெஷின்களுக்கு மட்டும் அனுப்புவது. இன்டெல் லினக்ஸுக்குப் போனால் ஜோடியும் இன்டெல் லினக்ஸே. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனா புது ப்ராசஸருக்கு இது கொஞ்சம் கொடுமை. அந்த வகையில் நாலு மெஷின் மட்டுமே இருந்தால், உங்க விடை ஜோடிக்காகக் காத்துக்கிடக்கும்.

விடை ஒப்பீட்டைத் தவிர வழக்கமான பள்ளங்களும் உண்டு. சி மொழியில் 'சார்' என்ற ஒரு பைட் வகை எக்ஸ்86 லினக்ஸில் குறை எண்ணையும் வைத்துக்கொள்ளும். ஆர்ம் லினக்ஸில் வைக்காது. மைனஸ் ஒன்று வந்தால் நிறுத்து என்று எழுதிய லூப் அங்கே நிற்கவே நிற்காது. எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் 'எண்ணே இல்லை' என்று ஒரு குறி வரும் இல்லையா, அதை 32-பிட் முழு எண்ணாக மாற்றச் சொன்னால் எக்ஸ்86 மைனஸ் 2147483648 தரும், ஆர்ம் பூஜ்யம் தரும், ரிஸ்க்-ஃபைவ் ப்ளஸ் 2147483647 தரும். சி மொழி விதிகள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதால் மூணு பேர் மேலும் குற்றமில்லை. இது பிழை என்றாலும், எக்ஸ்86-ல் மட்டும் இருபது வருஷம் ஓடிய கோடில் கண்ணில் படாமலே இருந்திருக்கும். அப்புறம், வேகத்துக்காக எக்ஸ்86-ன் எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் கட்டளைகளைக் கையால் எழுதிய பகுதிகள். அவற்றை ஆர்மின் நியானில் திரும்ப எழுதணும், இல்லாவிட்டால் ஓடும், ஆனா நத்தை வேகத்தில்.

இவ்வளவு பாடுபட்டு ஆர்முக்கு ஏன் போகணும்? ஒரு காரணம் கரன்ட் பில். 100 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை நாள் முழுக்க ஓட்டினால் 2.4 யூனிட். ராஸ்பெரி பை 4 போன்ற பலகை 10 வாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். வேலையும் குறைவாகத்தான் செய்யும், ஆனா வருஷக்கணக்காக விட்டுவைக்கலாம். இன்னொரு காரணம், மெஷின்கள் இருக்கும் இடமே அங்கே நகர்ந்துவிட்டது. ஃபோன்கள் எல்லாம் ஆர்ம். 2020 நவம்பரில் ஆப்பிளும் எம்1 சிப்போடு மேக்கை அந்தப் பக்கம் திருப்பியது.

அதே 2020-ல்தான் கொரோனா காரணமாக ஒரு அவசரம் வந்தது. நியோகார்ட்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் முன்வந்து ரொசெட்டா அட் ஹோமையும், பிறகு ஃபோல்டிங் அட் ஹோமையும் 64-பிட் ஆர்முக்குக் கொண்டுவந்தது. ஆனா ஒரு வேடிக்கை: ராஸ்பெரி பையின் சிப் 2016 முதலே 64-பிட். அதன் அதிகாரபூர்வ ஆபரேட்டிங் சிஸ்டமோ 2022 பிப்ரவரி வரை பொதுப் பயன்பாட்டுக்கு 32-பிட்தான். பலகை தயார், ப்ரோக்ராம் தயார், நடுவில் இருந்தது தயாரில்லை. உபுண்டுவின் 64-பிட் பதிப்பை ஏற்றத் தெரிந்தவர்கள்தான் முதலில் சேர்ந்தார்கள்.

மேக் பக்கம் ஒரு பெயர்க் குழப்பம். எக்ஸ்86 ப்ரோக்ராமை எம்1-ல் ஓட்ட ஆப்பிள் தந்த மொழிபெயர்ப்பாளன் பெயரும் ரொசெட்டாதான்! அதன் தயவில் பழைய அறிவியல் ப்ரோக்ராம்கள் முதல் நாளிலிருந்தே ஓடின. அந்த வசதியே சில திட்டங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டது என்பது என் எண்ணம். மொழிபெயர்ப்பில் வேகம் குறைகிறது. ஆப்பிள் தன் மொழிபெயர்ப்பாளனை மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு பெருமளவு விலக்கிக்கொள்ளப் போவதாக 2025-ல் அறிவித்தும்விட்டது.

அடுத்த வரிசையில் நிற்பது ரிஸ்க்-ஃபைவ். இதுவும் 2010-ல் பெர்க்லியில் பிறந்ததுதான். நம்ம ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸர்களும் இந்த வகை. ஆள் சேராததால் திட்டங்கள் ப்ரோக்ராம் தருவதில்லை, ப்ரோக்ராம் இல்லாததால் ஆள் சேர்வதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க பாயிங்கிலேயே ஒரு வழி உண்டு: சோர்ஸ் கோட் திறந்திருக்கும் திட்டம் என்றால், தன்னார்வலர் தானே கம்பைல் செய்து, ஒரு சின்ன எக்ஸ்எம்எல் ஃபைலில் 'என் ப்ரோக்ராம் இதோ' என்று அறிவித்து வேலை வாங்கலாம். செட்டி காலத்தில் இப்படி வெளி ஆட்கள் செய்த பதிப்புகள் அதிகாரபூர்வமானதைவிட வேகமாக ஓடியதுண்டு. சோர்ஸ் மூடியிருக்கும் திட்டத்தில் இந்தக் கதவு இல்லை.

ஒரு நல்ல சேதி: ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸிலும் 'சார்' குறை எண் வைக்காது, எஃப்எம்ஏ அங்கேயும் மிதவைப்புள்ளிப் பகுதியோடு சேர்ந்தே வருகிறது, ஜிசிசியும் அதைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் ஆர்முக்காக ஒழுங்காகச் சுத்தம் செய்த கோட் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டது. கையால் எழுதிய நியான் பகுதிகள்தான் திரும்பவும் மாற வேண்டியவை. ரிஸ்க்-ஃபைவின் வெக்டர் கட்டளைகளுக்கு நிலையான அகலமே கிடையாது, சிப்புக்குச் சிப் மாறும். அப்போது கூட்டல் வரிசையும் சிப்புக்குச் சிப் மாறலாம். மேலே பார்த்த 100, 101 கதை ஒரே ப்ராசஸர் குடும்பத்துக்குள்ளேயே திரும்ப வரும்.