வண்டி இழுத்துச் செல்லப்பட்டால்: சட்டம் சொல்வதும் நாம் செய்யக்கூடியதும்

நோயாளியை அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும் பதற்றத்தில், வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதை உறவினர்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பரிசோதனை, மருந்து, அனுமதி என நேரம் கடந்த பின் வெளியே வந்தால், நிறுத்திய இடத்தில் வண்டி இருப்பதில்லை. திருட்டா, காவல்துறையினர் அகற்றினார்களா என்பது தெரியாமல், நோயாளியின் அருகில் இருக்க வேண்டியவர் தெருவில் அலைய நேர்கிறது. அந்த அலைச்சலைத் தவிர்க்க உதவும் சில செய்திகளை இங்கே தருகிறோம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியையும், தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தப்பட்ட வண்டியையும் அகற்றவோ, சக்கரத்தைப் பூட்டவோ, அப்பகுதியில் அதிகாரம் பெற்ற, சீருடையில் உள்ள காவல் அலுவலர் உத்தரவிடலாம். தடை உள்ள இடத்தில் 10 மணி நேர வரம்பு பொருந்தாது. இழுத்துச் செல்லும் செலவு உரிமையாளரையே சாரும், அபராதம் தனி. போக்குவரத்துக்கு இடையூறாக வண்டியை நிறுத்துவோர்க்கு 201-ஆம் பிரிவின்படி 500 ரூபாய் வரை தண்டம் உண்டு.

மருத்துவமனை வாயிலருகே வண்டியை நிறுத்தலாகாது என்பது 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே இடம்பெற்றது. அதன் காரணத்தை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டவருக்கு, அதனைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். வாயிலை மறித்து நிற்கும் ஒரு வண்டி, அந்த நேரத்தில் சில நிமிடங்களைப் பறித்துவிடும்.

அகற்றிய செய்தியை உரிமையாளருக்கு எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 127-ஆம் பிரிவு வரையறுக்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், விடுமுறை நாள்கள் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. நம் நாட்டில், செய்தி நம்மை வந்தடைய நாமே வழி செய்துகொள்வது நல்லது. பதிவுச் சான்றில் உள்ள முகவரியும் கைப்பேசி எண்ணும் சரியாக இருக்கட்டும். பழைய வண்டியை வாங்கியவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் அறிவிப்பு பழைய உரிமையாளருக்கே செல்லும். வண்டியின் முகப்பில் கைப்பேசி எண் ஒன்றை எழுதி வைப்பதும் உதவும்.

வண்டியைக் காணவில்லையெனில், முதலில் மருத்துவமனைக் காவலரிடமும், அடுத்து அருகிலுள்ள போக்குவரத்துக் காவல் நிலையத்திலும் கேளுங்கள். 100 என்ற எண்ணையும் அழைக்கலாம். மீட்கச் செல்லும்போது பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். டிஜிலாக்கரில் உள்ள ஆவணங்களும் சட்டப்படி செல்லும். கட்டிய தொகைக்கு ரசீது பெற்று, வண்டியில் சேதம் உள்ளதா என்று பார்த்த பின்னரே எடுத்து வாருங்கள்.

மருத்துவர்கள் என்ற முறையில் இரண்டு வேண்டுகோள்கள். பழைய மருத்துவ அறிக்கைகளையும் மருந்துகளையும் வண்டியில் விட்டுவிடாதீர்கள். வண்டி போனால் அவையும் உடன் போகும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இன்சுலின் வீரியம் இழக்கும். நெஞ்சுவலியோ கைகால் தளர்ச்சியோ தோன்றினால் தாமே வண்டியோட்டி வராமல் 108-ஐ அழையுங்கள். தனியே ஓட்டி வந்து அனுமதிக்கப்பட நேர்ந்தால், வண்டி எண்ணையும் அது நிற்கும் இடத்தையும் செவிலியரிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டாருக்கு நாங்கள் தெரிவிப்போம்.