தொலைக்காட்சித் தொடர்களில் பழைய அமெரிக்க உடைகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1964 முதல் 1970 வரை 'டேனியல் பூன்' என்றொரு தொடர் ஒளிபரப்பாயிற்று. கென்டக்கிக் காடுகளில் வழிகண்டு குடியேறிய வீரரின் கதை அது. கதாநாயகராக நடித்த ஃபெஸ் பார்க்கரின் தலையில் வால் தொங்கும் ரக்கூன் தோல் தொப்பி! உண்மையான பூனோ அத்தகைய தொப்பியை விரும்பாதவர். அகன்ற விளிம்புள்ள ஃபெல்ட் தொப்பி அணிந்தவர். இதே நடிகர் முன்பு டேவி கிராக்கெட் என்ற வேறொரு வீரராக ரக்கூன் தொப்பியுடன் நடித்துப் பெரும்புகழ் பெற்றிருந்தார். அந்தப் புகழ் பூனின் தலையிலும் ஏறிக்கொண்டது.

தொப்பி மாறினால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்கலாம். தொப்பியோடு நின்றால் குறையில்லை. ஆனால் அக்காலத்தில் ஒருவரின் நிலை என்ன, கொள்கை என்ன என்பதையெல்லாம் அவர் உடையே சொல்லியது.

1620இல் 'மேஃபிளவர்' கப்பலில் வந்து பிளிமத்தில் குடியேறியவர்களை நாம் கறுப்பு உடையிலும், பக்கிள் வைத்த தொப்பியிலும்தான் காண்கிறோம். இது 19ஆம் நூற்றாண்டுச் சித்திரங்கள் பரப்பிய தோற்றம். அவர்களுள் இறந்தவர்களின் உடைமைப் பட்டியல்கள் இன்றும் உள்ளன. ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டின் பட்டியலில் சிவப்பு உட்சட்டையும் ஊதா நிற மேலங்கியும் காணப்படுகின்றன! நல்ல கறுப்புச் சாயம் விலை மிகுந்தது. அன்றாட வேலைக்கு அதனை யார் அணிவார்?

18ஆம் நூற்றாண்டுப் பெண்கள் கவுனின் முன்பக்கத்தைக் குண்டூசிகளால் இணைத்துக்கொண்டனர். பையைத் தனியே இடுப்பில் கட்டிப் பாவாடைக்குள் மறைத்தனர். மணமான பெண் வெண்துணிக் குல்லாய் இன்றி வெளிவருவது அரிது. கூந்தலை அவிழ்த்துவிட்டு வயலில் ஓடும் கதாநாயகிகளை என்னென்பது! வசதியுள்ள பெண்கள் இந்தியச் சீட்டித் துணியை விரும்பி அணிந்தனர். 1721இல் இங்கிலாந்து தன் நாட்டில் சீட்டி அணிவதைத் தடை செய்தபோதும், அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அதனை அனுப்பத் தடையில்லை. நம் சோழமண்டலக் கரையின் கைவண்ணம் அங்கும் சென்றது.

1760களில் பிரிட்டன் விதித்த வரிகளை எதிர்த்து அந்நாட்டுப் பெண்கள் கூட்டமாக அமர்ந்து நூல் நூற்றனர். கதரை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். 1789 ஏப்ரல் 30ஆம் நாள் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாஷிங்டன், ஹார்ட்ஃபோர்டில் நெய்த பழுப்பு நிறக் கம்பளி உடையையே அணிந்தார். ஒரு தொடரில் அவருக்கு அன்று பளபளக்கும் அயல்நாட்டுப் பட்டை உடுத்திவிட்டால், அவர் சொல்ல வந்த செய்தியே போய்விடும்.

அடிமைகளின் உடையில் செய்யும் பிழை இன்னும் பெரிது. 1977இல் எட்டு இரவுகள் ஒளிபரப்பான 'ரூட்ஸ்' தொடர் அவர்கள் வாழ்வையே கதையாக்கிற்று. தென் கரோலினாவில் அடிமைகள் முரட்டுத் துணிகளையே அணியவேண்டும் என்று 1735இல் சட்டமே இயற்றினர். அவர்களைச் சலவை மடிப்புக் கலையாத ஆடையில் காட்டினால், அந்தச் சட்டத்தின் கொடுமை நம் கண்ணில் படாமலே போகும். இவர்களின் உடையை நாம் எவ்வாறு அறிகிறோம்? தப்பியோடியவர்களைப் பிடித்துத் தரும்படி உடைமையாளர்கள் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தனர். சட்டையின் துணி, நிறம், ஒட்டு, பொத்தான் என ஒவ்வொன்றையும் அவற்றில் எழுதினர். ஓடியவர்கள் பலர் மாற்றுடையும் எடுத்துச் சென்றனர். அதையும் விடாமல் குறித்தனர். அந்த விளம்பரங்களைத்தான் உடை வரலாற்று ஆய்வாளர்கள் இன்று வரி வரியாகப் படிக்கின்றனர்.