பரணில் தூங்கும் டாஸ் கம்ப்யூட்டர்... ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தாத்தா வீட்டுப் பரணிலோ, மூடிப்போன கடையின் பின்னறையிலோ பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டி இருக்கும். மேலே தூசி, பக்கத்தில் தண்டியாக ஒரு மானிட்டர், ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பி. 'இது இன்னும் ஓடுமா?' என்ற ஆசையில் நேராக பிளக்கில் சொருகத் தோணும். அங்கேதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. அந்தப் பெட்டிக்குள் பழைய கடைக் கணக்கு இருக்கலாம், அப்பா டைப் செய்த கடிதங்கள் இருக்கலாம், உங்கள் அத்தையின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கலாம். வேறெங்கும் காப்பி இருக்காது. 30 வருஷம் கழித்து அந்த ஹார்டு டிஸ்க் சுற்றப்போகும் முதல் தடவையே கடைசித் தடவையாகவும் ஆகிவிடலாம்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் பெட்டியைக் காப்பாற்றணும், அடுத்து ஃபைல்களை வெளியே எடுக்கணும், விளையாட்டெல்லாம் அதற்குப் பிறகுதான். கமாண்டுகளை உச்சரிப்பபடி தமிழில் தந்திருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

முதல் எதிரி, ஒரு குட்டி பேட்டரி

கேபிள் எதையும் சொருகாமல் மூடியைக் கழற்றுங்கள். 386, 486 காலத்து மதர்போர்டுகளில் நீலம் அல்லது பச்சை நிறத்தில், விரல் நுனி அளவில் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி ஒட்டியிருக்கும். நேரத்தையும் செட்டிங்ஸையும் நினைவில் வைத்திருக்க வைத்தது. வயசானதும் கசிந்து, போர்டில் இருக்கும் மெல்லிய செம்புக் கோடுகளை அரித்துவிடும். பழைய கம்ப்யூட்டர்கள் சாவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

கசியவில்லை என்றாலும் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். சுற்றிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இயர் பட்ஸில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடையுங்கள். கசிந்தது காரம், வினிகர் அமிலம் என்பதால் இரண்டும் சமன் ஆகிவிடும். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வட்டமான காசு பேட்டரி இருக்கும் போர்டு என்றால் நீங்கள் லக்கி. புதுசு வாங்கி மாற்றினால் போதும்.

கரண்ட் கொடுக்கும் முன்...

பின்பக்கம் பவர் சப்ளையில் 115, 230 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். நம்ம ஊர் கரண்டுக்கு அது 230-ல் இருக்கணும்.

மதர்போர்டுக்குப் போகும் பவர் கனெக்டர்கள் இரண்டாகப் பிரிந்திருக்கும். கழற்றி மாட்டும்போது இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் அருகருகே வரணும். மாற்றிச் சொருகினால் போர்டு காலி. மாட்டுவதற்கு முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் தடவை ஆன் செய்யும்போது ஹார்டு டிஸ்க்கின் பவர் கேபிளைக் கழற்றியே வையுங்கள். பவர் சப்ளையில் பிரச்னை என்றால் அது டிஸ்க்கை பாதிக்காது. பழைய கப்பாசிட்டர் 'டப்'பென வெடித்து நாற்றத்தோடு புகை வருவது அரிதான விஷயம் இல்லை. பிளக் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பா: பழைய மானிட்டரையும் பவர் சப்ளை டப்பாவையும் நீங்களே திறக்காதீங்க. கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

'1980-க்கு வந்துட்டோமா?'

எல்லாம் சரி என்றால், ஆஃப் செய்து டிஸ்க்கை இணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். பேட்டரி இல்லாததால் செட்டிங்ஸ் போயிருக்கும். தேதி பெரும்பாலும் 1980 என்று காட்டும். பயப்படாதீங்க, டாஸின் காலண்டரே 1980 ஜனவரி 1-ல்தான் ஆரம்பிக்கிறது. 'டேட்' என்று அடித்து வருஷத்தை நான்கு இலக்கமாகக் கொடுத்தால் சரியாகும்.

பெரிய சிக்கல் ஹார்டு டிஸ்க்தான். இன்றைய கம்ப்யூட்டர் போல அதுவாகவே டிஸ்க்கைக் கண்டுபிடிக்காது. ஆன் ஆகும்போது, பல போர்டுகளில் 'டெலீட்' கீயை அழுத்தினால் செட்டப் திரை வரும். அங்கே சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்களைக் கேட்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் பெரும்பாலும் அவை அச்சாகியிருக்கும். பல போர்டுகளில் 47-ம் டைப் என்பது நாமே எண்களை நிரப்பும் இடம். தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டு டிஸ்க்கில் எதையாவது எழுதினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும். ஆகவே, சரியான எண்கள் என்று உறுதியாகும் வரை எதையும் சேவ் செய்யாதீங்க.

கறுப்புத் திரை வந்தாச்சு... இப்போ?

'சி' என்ற எழுத்தும் பக்கத்தில் சிமிட்டும் கோடும் வந்துவிட்டால் கொண்டாடலாம். ஐகான் கிடையாது, மெனு கிடையாது, நீங்கள் சொன்னால்தான் அது செய்யும். இந்த ஐந்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

'டி-ஐ-ஆர்' அடித்தால் ஃபைல் பட்டியல் வரும். நீளமாக ஓடினால் பின்னால் '/பி' சேருங்கள், ஒவ்வொரு பக்கமாக நிற்கும். '/எஸ்' சேர்த்தால் உள் ஃபோல்டர்களையும் தேடும்.

'சி-டி' ஃபோல்டருக்குள் போக. 'சி-டி' அடித்து இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி வெளியே வரலாம்.

'டைப்' அடித்து ஃபைல் பெயர் கொடுத்தால் உள்ளே இருப்பது திரையில் வரும்.

'காப்பி' என்றால் காப்பி. ஃபோல்டர் ஃபோல்டராக எடுக்க 'எக்ஸ்-காப்பி'.

'டாஸ்-கீ' அடித்துவிட்டால், மேல் அம்புக்குறியை அழுத்தி முன்பு அடித்த கமாண்டுகளைத் திரும்பக் கொண்டுவரலாம். இது தெரியாமல் ஒரே வரியைப் பத்து தடவை டைப் பண்ணவங்க நிறைய பேர்.

ஃபைல் பெயரில் புள்ளிக்கு முன் 8 எழுத்து, பின் 3 எழுத்து, அவ்ளோதான். அதனால் பெயர்கள் வெட்டி ஒட்டியது போல இருக்கும். புரியவில்லை என்று எதையும் அழிக்காதீங்க.

அவசரப்படக் கூடாத இடம்

'டிஸ்க்கில் எர்ரர் இருக்கும், ஸ்கேன்டிஸ்க் போட்டுப் பார்ப்போம்' என்று தோணும். வேண்டாம். ஸ்கேன்டிஸ்க், டிஃப்ராக் எல்லாம் டிஸ்க்கில் எழுதும் வேலைகள். முதலில் ஃபைலை வெளியே எடுங்கள், ரிப்பேர் பிறகு.

ஃப்ளாப்பியில் எடுக்கலாம். ஆனால் ஒரு ஃப்ளாப்பியில் 1.44 எம்பிதான் கொள்ளும். 40 எம்பி டிஸ்க் நிறைந்திருந்தால் 28 ஃப்ளாப்பி வேணும். அதைவிட, டிஸ்க்கைக் கழற்றி ஐடிஇ டு யூஎஸ்பி அடாப்டர் வழியாக லேப்டாப்பில் சொருகுவது சுலபம். மிகப் பழைய, சின்ன டிஸ்க்குகளை சில அடாப்டர்கள் படிக்காது. அப்படியானால் ஐடிஇ கேபிள் உள்ள, கொஞ்சம் பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் தேடுங்கள். லேப்டாப் திரையில் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று ஒரு கேள்வி வரலாம். பழக்கதோஷத்தில் 'ஓகே' கொடுத்தால் எல்லாம் போச்சு. 'கேன்சல்' மட்டும்தான்.

ஃப்ளாப்பியில் உள்ளதைப் படிப்பதென்றால், சின்ன ஜன்னலைத் திறந்து உள்ளே பாருங்கள். பூஞ்சை படிந்ததை டிரைவில் போட்டால் டிரைவின் ஹெட் அழுக்காகி, அடுத்து போடும் நல்ல ஃப்ளாப்பியும் கீறிவிடும். மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் மூலையில் இருக்கும் சின்ன ஓட்டையைத் திறந்து வைத்தால் அதில் யாராலும் எழுத முடியாது. படிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஐந்தேகால் அங்குலத்தில் தலைகீழ்: ஓரத்தில் வெட்டியிருக்கும் இடத்தை டேப் போட்டு மூடினால்தான் பாதுகாப்பு.

திறந்தால் கிறுக்கலா வருதே?

அப்பாவின் கடிதத்தைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கோணல்மாணலாக இருக்கிறதா? அது வேர்டுஸ்டாரில் அடித்ததாக இருக்கலாம். பழைய வேர்டுஸ்டார், சொல்லின் கடைசி எழுத்தில் தனக்கென ஓர் அடையாளம் போட்டு வைக்கும். ஃபைல் கெடவில்லை, மீட்டுவிடலாம்.

தமிழ் ஃபைல் என்றால் மொத்தமும் கிறுக்கலாகவே தெரியும். யூனிகோடில் தமிழ் வந்தது 1991-ல். அதற்கு முன்பே டாஸில் தமிழ் அடிக்க மென்பொருள்கள் இருந்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய 'முரசு' அவற்றில் ஒன்று. ஒவ்வொன்றும் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வைத்திருந்ததால், இன்றைய போனுக்கு அது புரியாது. ஃபைலை மட்டும் எடுக்காமல், அதை உருவாக்கிய மென்பொருளின் ஃபோல்டரையும் சேர்த்தே காப்பி எடுங்கள். பூட்டு கிடைத்து சாவி இல்லாத கதை ஆகிவிடக் கூடாது.

640 கேபி பஞ்சாயத்து

ஃபைல் எல்லாம் பத்திரமா? இனி விளையாடலாம். ஆனால் கேமைத் திறந்தால் 'மெமரி போதவில்லை' என்று வரும். பெட்டியில் 4 எம்பி இருக்குமே, ஏன்?

1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் சிப்பால் மொத்தமே 1 எம்பியைத்தான் தொட முடியும். அதில் மேலே 384 கேபியை திரைக்கும் மற்ற ஹார்டுவேருக்கும் ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் 640 கேபி. பின்னால் மெமரி கூடினாலும், பழைய புரோகிராம்கள் ஓட வேண்டும் என்பதற்காக டாஸ் அந்த எல்லைக்குள்ளேயே வாழ்ந்தது. உங்கள் 8 ஜிபி போனின் மெமரி அதைப்போல 13,000 மடங்குக்கும் மேல்!

தீர்வு, சின்னச் சின்ன டிரைவர்களை அந்த 640-க்கு வெளியே குடிவைப்பது. 'கான்ஃபிக்.சிஸ்' என்ற ஃபைலில் இது நடக்கும். திருத்தும் முன் அதற்கு ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹைமெம்.சிஸ்' முதல் வரியில். 386 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த வரியில் 'ஈஎம்எம்386', பக்கத்தில் 'நோ-ஈஎம்எஸ்'. மூன்றாவதாக 'டாஸ் = ஹை, யூஎம்பி'. பிறகு 'ஆட்டோஎக்ஸெக்.பேட்' ஃபைலில் மவுஸ் டிரைவர் வரிக்கு முன்னால் 'எல்-ஹெச்' என்று சேருங்கள். 'மெம் /சி' அடித்தால் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று தெரியும்.

தப்பாகத் திருத்தி கம்ப்யூட்டர் நின்றுவிட்டதா? எம்எஸ்-டாஸ் 6 என்றால், ஸ்டார்ட் ஆகும் வரி தெரியும்போது 'எஃப் 5' அழுத்துங்கள். இரண்டு ஃபைலையும் தாண்டிக்கொண்டு வந்துவிடும். 'எஃப் 8' அழுத்தினால் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு ஓடும், தகராறு எந்த வரி என்று பிடித்துவிடலாம்.

இன்னொரு ரகசியம். முன்னால் 'டர்போ' என்று பட்டன் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க, அது இருப்பதே வேகத்தைக் குறைக்கத்தான்! பழைய கேம்கள் சிப்பின் வேகத்தை நம்பியே எழுதப்பட்டவை. வேகமான கம்ப்யூட்டரில் கதாநாயகன் ஒரே தாவில் செத்துப்போவான். டர்போவை ஆஃப் செய்தால் நிதானமாக நடப்பான்.

ஆஃப் செய்ய ஷட்டவுன் மெனு கிடையாது. புரோகிராமை விட்டு வெளியே வந்து, டிஸ்க் லைட் அணைந்து சில விநாடி கழித்து ஸ்விட்சை அணையுங்கள்.

பெட்டியே இல்லையா?

'டாஸ்பாக்ஸ்' இருக்கிறது. லேப்டாப்பில் இலவசம், போனிலும் அதை வைத்து உருவாக்கிய ஆப்கள் கிடைக்கின்றன. லேப்டாப்பில் கேம் ரொம்ப மெதுவாக ஓடினால் 'கன்ட்ரோல் + எஃப் 12', ரொம்ப வேகம் என்றால் 'கன்ட்ரோல் + எஃப் 11'. நிஜப் பெட்டியில் புதிதாக ஒன்றை ஏற்ற வேண்டுமென்றால், 1994-ல் ஜிம் ஹால் ஆரம்பித்த 'ஃப்ரீடாஸ்' இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதுவும் இலவசம்.

பழைய சாமானுக்குப் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அந்தப் பெட்டிக்குக் கொடுங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஆனால் 'டி-ஐ-ஆர்' அடித்ததும் உங்கள் அப்பாவின் பெயரில் ஒரு ஃபோல்டர் வந்து நின்றால், முதலில் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த ஃபைல் எது என்று அவருக்குத்தான் தெரியும்.