பொட்டலத் தாளில் போன நம் சரித்திரம்



"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. சரக்கு நன்றாக இருந்தால் வாடிக்கையாளர் தானே தேடி வருவார் என்பது அதன் கருத்து. ஆனால் பூவுக்கு மணம் இருக்கிறது. அது தெருக்கோடி வரை போகும். மூட்டைக்குள் இருக்கும் துவரம்பருப்பின் தரமும், புட்டிக்குள் இருக்கும் தைலத்தின் குணமும் அப்படித் தெருவுக்கு வராது. ஆகவேதான் நம் முன்னோர் நூறாண்டுகளுக்கு முன்பே பத்திரிகைகளில் கட்டம் கட்டி விளம்பரம் செய்தார்கள்.

நாம் சிறுவர்களாகக் கடையில் உட்கார்ந்த நாட்களில் பழைய பேப்பர் என்றால் பொட்டலம் மடிக்கும் சரக்கு, அவ்வளவுதான். கடுகு, சீரகத்துக்குச் சின்னத் தாள். சர்க்கரை, பருப்புக்குப் பெரிய தாள். கூம்பாகச் சுருட்டி, வாயை மடித்து, தலைக்கு மேல் தொங்கும் சணல் உருண்டையிலிருந்து நூலை இழுத்து ஒரு சுற்று. அந்தத் தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அச்சுத்தாளில் உணவுப் பொருள் மடிக்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் வந்துவிட்டது. மை உடம்புக்குக் கெடுதல் என்பதால் அது சரியான விதியே. ஆனால் அதற்குள் நம் தொழிலின் சரித்திரம் எத்தனையோ ஆயிரம் பொட்டலங்களாகக் கடையை விட்டுப் போய்விட்டது.

செய்திக்கு முன்னே விளம்பரம்

இந்தியாவின் முதல் செய்தித்தாளை 1780ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஹிக்கி என்பவர் தொடங்கினார். 'பெங்கால் கெஜட்' என்ற பெயரோடு 'கல்கத்தா பொது விளம்பரத் தாள்' என்று பொருள்படும் பெயரையும் சேர்த்தே வைத்தார். அதாவது, நம் நாட்டில் பத்திரிகை பிறக்கும்போதே வணிகனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பிறந்தது.

சென்னையில் 1878இல் தொடங்கிய 'இந்து' நாளிதழ் 1958 ஜனவரி வரை முதல் பக்கத்தில் விளம்பரங்களையே அச்சிட்டு வந்தது. அதன் பிறகுதான் செய்தி முதல் பக்கத்துக்கு வந்தது. லண்டன் 'டைம்ஸ்' 1966 வரை அப்படியே இருந்தது. வாசகர் காசு கொடுத்து வாங்கும் தாளில் முதலில் கண்ணில் பட்டது உள்நாட்டு மந்திரியின் பேச்சு அல்ல; கப்பல் புறப்பாடு, ஏல அறிவிப்பு, புதுச் சரக்கு வரவு இவையே.

தமிழில் 'சுதேசமித்திரன்' 1882இல் தொடங்கி 1899இல் நாளிதழானது. 'ஆனந்த விகடன்' இதழை 1928இல் வாங்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன் தபால் மூலம் சரக்கு விற்கும் தொழிலும் விளம்பர ஏஜென்சித் தொழிலும் செய்தவர். அமிர்தாஞ்சனம் தைலத்தை 1893இல் பம்பாயில் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வரராவ் பிற்பாடு 'ஆந்திர பத்திரிகா' என்ற பத்திரிகையையே நடத்தினார். சரக்கு விற்றவர் பத்திரிகை நடத்தினார்; பத்திரிகை நடத்தியவர் சரக்கு விற்றார். இரண்டு தொழிலும் அன்று அண்ணன் தம்பிகளாகவே இருந்தன.

அணா, பைசா, வீசை, பலம்

பழைய விளம்பரத்தில் விலை போட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். 'ரூ. 1-4-0' என்றிருக்கும். ஒரு ரூபாய், நான்கணா, சுழியம் பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால் தேதியா, டெலிபோன் நம்பரா என்று கேட்பார்கள்.

1957 ஏப்ரல் முதல் தேதி தசமக் காசு வந்தது. ரூபாய்க்கு 100 நயா பைசா. ஓரணாவுக்குச் சரியான ஈடு ஆறேகால் நயா பைசா. கால் பைசா என்று ஒரு காசு கிடையாது. ஆகவே ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று பட்டியல் போட்டார்கள். ஓரணாச் சரக்கை நான்கு தடவையாக வாங்கினால் 24 பைசா. ஒரே தடவையில் நாலணாவுக்கு வாங்கினால் 25 பைசா. அந்த ஒரு பைசாவுக்காகப் பெட்டியடியில் நடந்த வழக்குகளை எங்கள் தகப்பனார் சிரித்துக்கொண்டே சொல்வார். அதை நிம்மதியாகத் தீர்த்து வைத்தவை கடையில் ஒட்டியிருந்த மாற்றுப் பட்டியல்களே.

எடையும் அப்படித்தான். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோ வந்தது. பலத்துக்கு 35 கிராம், வீசைக்கு 1,400 கிராம் என்று கணக்கு. இந்த மாறுதல் நடந்த சில ஆண்டுகளில் வந்த விளம்பரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், படிக்கல்லை மாற்றிய வணிகன் எவ்வளவு ஜாக்கிரதையாக வாடிக்கையாளரின் நம்பிக்கையை மாற்றாமல் காத்தான் என்பது விளங்கும்.

யுத்த காலம் இன்னொரு பாடம். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி வருவது நின்றது. ரேஷன் வந்தது. காகிதத் தட்டுப்பாட்டால் பத்திரிகைப் பக்கங்கள் குறைந்தன; விளம்பரங்களும் சுருங்கின. சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி 1952இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகே அரிசி வியாபாரிக்கு மூச்சு வந்தது. விளம்பரம் செய்யச் சரக்கு வேண்டும். சரக்கு இல்லாத காலத்தில் விளம்பரமும் இல்லை.

வி.பி.பி. வியாபாரம்

இன்று வீட்டில் இருந்தபடி செல்போனில் ஆர்டர் கொடுத்து, சரக்கு வந்ததும் பணம் கொடுப்பதைப் புதுமை என்று பேசுகிறார்கள். நம் நாட்டுத் தபால் இலாகா வி.பி.பி. என்ற முறையை 1877இலேயே கொண்டுவந்துவிட்டது. பத்திரிகையில் விளம்பரம் பார்த்தவர் ஒரு கார்டு எழுதிப் போடுவார். கடைக்காரர் பார்சல் கட்டி அனுப்புவார். தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். அந்தப் பணம் கடைக்காரருக்கு வந்து சேரும். கைக்கடிகாரம், தலைமுடித் தைலம், புத்தகம், பல்பொடி என்று எத்தனையோ சரக்குகள் இப்படிக் கிராமத்துக்குப் போயின.

இதிலும் கஷ்டம் உண்டு. பார்சல் வந்த அன்று கையில் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பினால், போன கூலியும் வந்த கூலியும் கடைக்காரர் தலையில். இன்று 'ரிட்டர்ன்' என்று அலுத்துக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இது புதுக் கதையல்ல என்று சொல்லலாம்.

விளம்பரத்தின் அடியில் 'தந்தி விலாசம்' என்று ஒரே ஒரு சொல் இருக்கும். தந்திக்குச் சொல் கணக்கில் காசு என்பதால், கடைப் பெயரையும் தெருவையும் ஒரே சொல்லில் அடக்கித் தந்தி ஆபீசில் பதிவு செய்து வைத்தார்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. அந்த ஒற்றைச் சொற்கள் இன்று பழைய பில் புத்தகங்களிலும் விளம்பரங்களிலும்தான் உயிரோடு இருக்கின்றன.

மார்க் பார்த்து வாங்குங்கள்

எழுத்துத் தெரியாத வாடிக்கையாளரே அன்று அதிகம். அவருக்குக் கம்பெனிப் பெயர் தெரியாது, படம் தெரியும். யானை, மயில், மணி, கடிகாரம், அணில் என்று படத்தைச் சொல்லியே கேட்பார். ஆகவே படமே முதல். படத்தைக் காப்பியடிப்பவரும் அன்றே இருந்தார்கள். பழைய விளம்பரங்களில் 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்' என்ற வரியைத்தான் அதிகம் காண்கிறோம்.

அது வெறும் அலங்கார வரியல்ல. 1940ஆம் ஆண்டு வரை வணிக முத்திரையைப் பதிவு செய்வதற்கென்று தனிச் சட்டம் இங்கே கிடையாது. தன் மார்க்கைக் காத்துக்கொள்ள விரும்பியவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உறுதிமொழி ஒன்றைப் பதிவு செய்துவிட்டு, 'இந்தப் படம் எங்களுடையது, பிறர் பயன்படுத்தக் கூடாது' என்று பத்திரிகையில் எச்சரிக்கை விளம்பரம் கொடுப்பார். அந்த விளம்பரமே அவருக்குப் பட்டயம், அதுவே சாட்சி.

புதுச் சரக்கைப் பழக்கிய விதம்

தேநீர் நம் வீட்டுப் பழக்கமல்ல. அதை எப்படிக் கொதிக்க வைப்பது, எவ்வளவு தூள் போடுவது என்று தேயிலைக்காரர்கள் விளம்பரம் போட்டும் இனாமாக ஊற்றிக் கொடுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். 1937இல் டால்டா வந்தது. 'டாடா' என்ற டச்சுக் கம்பெனியின் பெயருக்கு நடுவே லீவர் கம்பெனியின் 'ல்' ஒலியை நுழைத்து உண்டான பெயர் அது. நெய் உண்ணும் நாட்டில் நெய்க்குப் பதில் ஒன்றை விற்பது லேசான காரியமா? சந்தேகம் தீர விளம்பரம், சமைத்துக் காட்டல், மரம் போட்ட மஞ்சள் டின் என்று விடாமல் செய்து, வனஸ்பதி என்றாலே டால்டா என்று ஆக்கிவிட்டார்கள். சரக்கு தீர்ந்த டின்னோ மிளகாய் வற்றல் போட்டு வைக்க, செடி வளர்க்க என்று வீட்டிலேயே தங்கி ஓயாமல் விளம்பரம் செய்தது.

வரம்பு மீறியவர்களும் உண்டு. ஒரே லேகியம் சகல வியாதியையும் தீர்க்கும் என்ற விளம்பரங்கள் பெருகியதால் 1954இல் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் வந்தது. சிலர் செய்த பொய்க்கு எல்லாரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வருகிறது என்பது நமக்குப் பழைய அனுபவம்.

எங்கள் கடைக்கு வந்த நோட்டீஸ்

இவற்றையெல்லாம் நாங்கள் தேடிப் படிக்க நேர்ந்தது ஆசையால் அல்ல, அவசியத்தால்.

எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து ஒரு பறவைப் படம் போட்ட சீயக்காய்த்தூள் பாக்கெட் போட்டு வருகிறோம். மொத்த வியாபாரமே பெரிது, இது சிறு வரும்படி. ஆயினும் எங்களை வெளியூரில் அறிமுகம் செய்வது அந்தப் பறவைதான். அந்த மார்க்கை நாங்கள் பதிவு செய்யவில்லை. 'நம்மை யாருக்குத் தெரியாது?' என்ற அலட்சியம்.

2007இல் வேறொரு மாவட்டத்து நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதே பறவை, அவர்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. 1961 முதல் உபயோகிக்கிறார்கள். நாங்கள் உடனே நிறுத்த வேண்டும். எங்கள் வக்கீல் ஒரே கேள்வி கேட்டார்: "1961க்கு முன்னாலிருந்து விடாமல் நீங்கள் விற்று வந்ததற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?" முன்பிருந்தே தொடர்ந்து உபயோகிப்பவரின் உரிமையைச் சட்டம் காக்கிறது. ஆனால் வாய்ச் சொல் போதாது.

எங்களிடம் ஒன்றும் இல்லை. பரணில் கட்டுக்கட்டாக இருந்த பழைய பத்திரிகைகளையும் பேரேடுகளையும் 1984இல் கடையைப் புதுப்பிக்கும்போது எடைக்குப் போட்டவர்கள் நாங்களே. "அதிலே நம்ம கடை விளம்பரமெல்லாம் இருக்குடா" என்று தகப்பனார் தடுத்தது நினைவிருக்கிறது. "இடம் அடைக்குது அப்பா" என்று பதில் சொன்னதும் நினைவிருக்கிறது. அன்று கிடைத்த தொகை ஒரு மூட்டைப் பருப்புக்குக் காணாது.

நோட்டீஸ் விஷயம் கடைத்தெருவில் பரவி, எங்கள் நெடுநாள் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காதுக்கும் போனது. ஒரு நாள் மாலை வந்தார். "தம்பி, எங்க அம்மா டிரங்குப் பெட்டிக்குள்ள பேப்பர் ஒட்டியிருக்கு. அதில உங்க பறவை இருக்கு, வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தோம். பெட்டி மூடியின் உட்புறம், கஞ்சிப் பசையால் ஒட்டிய உள்ளூர் வாரப் பத்திரிகையின் 1953 தீபாவளி இதழ்ப் பக்கம். இரண்டு அங்குல விளம்பரம். பறவை, பாட்டனார் பெயர், பாக்கெட் இரண்டணா, போலிகளைக் கண்டு ஏமாற வேண்டாம். பக்கத்தின் தலையில் தேதி தெளிவாக இருந்தது. பிரித்தால் கிழிந்துவிடும். "பெட்டியையே தூக்கிட்டுப் போங்க தம்பி" என்றார் ஆசிரியர். அப்படியே தகரப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி வக்கீல் ஆபீசில் இறக்கினோம். பிறகு பக்கத்து ஊர்ச் சில்லறைக் கடைகளில் கேட்டு, 1960களிலும் 1970களிலும் நாங்கள் போட்ட பில்கள் சிலவற்றைத் திரட்டினோம்.

வழக்கு கோர்ட்டுக்குப் போகவில்லை. இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, அவரவர் விற்கும் மாவட்டங்களில் அவரவர் பறவை என்று எழுதிக்கொண்டோம். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. புதிய மாவட்டங்களுக்குப் போகும் வழி அடைபட்டது அடைபட்டதுதான். ஆனால் பாட்டனார் வைத்த மார்க் கடையில் இருக்கிறது. தகப்பனார் அப்போது இல்லை. இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பெட்டியை மட்டும் ஒரு முறை பார்த்திருப்பார்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: கடை விளம்பரம் வந்த ஒவ்வொரு பத்திரிகையிலும், கோயில் மலரிலும் ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். விளம்பரத்தை மட்டும் கத்தரிக்க வேண்டாம். பத்திரிகைப் பெயரும் தேதியும் உள்ள முழுப் பக்கம் வேண்டும்.

இரண்டு: லேபிள் அச்சடிக்கும்போதெல்லாம் ஒரு மாதிரியும், அச்சக பில்லும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஆண்டுக்குப் பத்துப் பில் நகலாவது நிரந்தரமாக இருக்கட்டும்.

மூன்று: சொந்த மார்க் வைத்திருப்பவர்கள் தாமதிக்காமல் பதிவு செய்யுங்கள். எங்கள் அலட்சியம் உங்களுக்கு வேண்டாம்.

நான்கு: வீட்டில் வைக்க இடமில்லாத பழைய இதழ்களை எடைக்குப் போடும் முன் நூலகங்களைக் கேளுங்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் குப்பை என்று ஒதுக்கிய தாள்களையும் சேர்த்து வைத்த சேகரிப்பே 1994இல் அந்த நூலகத்துக்கு அடிப்படையாயிற்று. நாம் எடைக்குப் போட்டதை ஒருவர் எடுத்து வைத்திருக்கிறார்.

அந்த டிரங்குப் பெட்டியை ஆசிரியர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் கடைப் பெட்டியடிக்குப் பின்னால் இருக்கிறது. இப்போது அதற்குள் எங்கள் விளம்பரப் பிரதிகளையும் லேபிள்களையும் போட்டு வைக்கிறோம். இந்தப் பக்கம் வரும் வணிக நண்பர்கள் கடைக்கு வாருங்கள். மூடியைத் திறந்து காட்டுகிறோம்.

வாழ்க வணிகம்! வளர்க வணிகர் ஒற்றுமை!